கந்தையிற் பிறக்கும் பாவை

அறுவை என்பது ஆடைக்குப் பழந்தமிழ் வழங்கிய பெயர்களுள் ஒன்று. தறியினின்று அறுத்து எடுக்கப்படுவது ஆதலின் அஃது அறுவையாயிற்று. துணி என்பதும் துணிக்கப்பட்டது என்னும் பொருளதே; துண்டு என்பதும் அவ்வினத்தைச் சார்ந்ததே. சங்கப் புலவருள் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பார் தம் தொழிலையே பெயரோடு கொண்டு விளங்குகின்றார். ஆடைக்குப் பெயரிடும்போதே அறுத்தலை நினைத்த மக்கள், அறுத்தபின் எஞ்சிய சிறு துண்டுகளையும் உடுத்துக் கிழிந்த கந்தைகளையும் என்செய்தனர்? ஒரு பகுதி விளக்குக்குத் திரியாயிற்று. ஒரு பகுதி அடுப்பங்கரையிற் கரித்துணியாயிற்று. ஒரு பகுதி தொட்டிலில் விரிப்பாயிற்று. இவையெல்லாம் ஒழிய எஞ்சிய பகுதி குழந்தையின் கையிற் பாவையாயிற்று. அப்பாவையைப் பற்றியும், அதனை ஓய்வுநேரத்தில் நம் கையாற் செய்துகொள்ளும் முறையைப் பற்றியும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பாவை என்னுஞ் சொல் நம் இலக்கியத்தில் அடிக்கடி எதிர்ப்படுகின்றது. திருவள்ளுவர் நாணற்றவர்க்கு மரப்பாவையையும், நுண்ணிய நூலறிவு இல்லாதாரது அழகிற்கு மண்ணாற் புனைந்த பாவையையும் உவமை கூறினார். ஐங்குறுநூற்றிற் கோரையாற் செய்த பைஞ்சாய்ப்பாவை வருகின்றது. அந்நூலின் நெய்தற் பகுதியில் ஒரு சிறுமி, தான் செய்த வண்டற்பாவையைக் கடல் கவர்ந்துகொண்டது கண்டு வெகுண்டு, நுண்மணலை வாரி வீசிக் கடலையே தூர்த்துவிடப் புகுகின்றாள். எத்துணைச் சிறிய கை! எத்துணைப் பெரிய கடல்! மரமும் மண்ணும் மணலும் கோரையும் இங்ஙனம் பாட்டிலும் குறளிலும் இடம்பெற்றிருக்க, வீடுதோறும் கிடந்திருக்கத்தக்க கந்தைப்பாவை மட்டும் புலவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது போலும்.

புலவர் பாடாவிடினும் பொருள் கிடைத்தால் வரலாறு எழுதலாம். துணிக்கு அதுவும் அரிது. கீழடியிற் சுடுமண் உருவங்கள் கிடைத்தன. நூல் நூற்ற தக்களிகளும் கிடைத்தன. அத்தக்களியிற் சுழன்ற நூலோ மண்ணோடு மண்ணாயிற்று. நம் நாட்டு மழையும் வெப்பமும் கறையானும் பஞ்சிழையை நெடுங்காலம் விட்டுவைப்பன அல்ல. எகிப்து நாட்டு வறண்ட மணலோ வேறு இயல்பினது. இலண்டன் மாநகரத்துப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அந்நாட்டுத் துணிப்பாவை ஒன்று உளது. அஃது உரோமர் ஆட்சிக்காலத்தது, கி.பி. 1-ஆம் நூற்றாண்டுக்கும் 5-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென அறிஞர் மதிப்பர். லினன் என்னும் ஆளிநார்த் துணியின் முரட்டு வகையால் உடலமைத்து, உள்ளே கந்தையும் பாப்பிரசுத் தாளும் அடைத்திருக்கின்றனர். உயரம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். தலைப்பக்கத்தில் நீலக் கண்ணாடி மணி ஒன்று நூலிற் கோக்கப்பட்டுளது. ஆயிரத்தைந்நூறு ஆண்டு கடந்தும் அம்மணி அவிழவில்லை. கோத்தவள் பெயர் தெரியாவிடினும், முடிச்சை இருமுறை இட்டிருப்பாள் என்று யாம் எண்ணிக்கொள்கின்றோம்.

இதனால் ஒன்று விளங்கும். மரப்பாச்சியும் தஞ்சைத் தலையாட்டி பொம்மையும் செய்வாரின்றிப் போயினும், காட்சியகத்தில் வைத்த ஒன்றைப் பார்த்துப் பிற்காலத்தார் மீண்டும் செய்துகொள்ளலாம். புதுடில்லியில் ஓவியர் சங்கர் 1965-இல் நிறுவிய பன்னாட்டுப் பாவைக் காட்சியகத்திற் பல நாட்டு உடையணிந்த பாவைகள் கண்ணாடிப் பேழைகளுள் வீற்றிருக்கின்றன. அவை காட்சிக்கு உரியன. குழந்தையின் கையிற் கொடுத்துக் கசக்குதற்கு உரியன அல்ல. கந்தைப்பாவையோ கசங்குதற்கென்றே பிறந்தது. செய்தவள் தன் பெயரை அதிற் பொறிப்பதில்லை. விலைகொடுத்து வாங்குவாரும் இல்லை. பிள்ளை வளர்ந்தபின் அது குப்பையிற் சேர்ந்துவிடும். தாயின் கையினின்று மகளின் கைக்குச் செல்லும் பழக்கம் ஒன்றே அதன் ஏடு. ஒரு தலைமுறையார் செய்யாது விடுவராயின் அவ்வேடு முற்றும் அழிந்தது என்க. விலைமலிந்த நெகிழிப் பொம்மை கடைகளில் நிறைந்தபின் நம் வீடுகளில் எத்தனை தாய்மார் கந்தையில் முடிச்சிடுகின்றனர்? எம் வகுப்பு நண்பர் பதினால்வரை வினவினோம். சிறுபிராயத்தில் அத்தகைய பாவையைக் கையாற் தொட்டதாகக் கூறினார் இருவர். செய்யத் தெரிந்தார் ஒருவருமில்லை. அந்நாள் முதல் யாம் இதனைக் கற்கத் தொடங்கினோம்.

எம்மூராகிய அரக்கோணம் இதற்கு இசைந்த இடம். 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 1-ஆம் நாள் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட தென்னாட்டின் முதற் பயணிகள் இருப்புப்பாதை இவ்வூர் வழியே சென்றது. இன்று இங்குக் கூடும் பாதைகளுள் தெற்கே செல்வது பட்டு நெய்யும் காஞ்சிபுரத்தையும், வடக்கே செல்வது திருத்தணியையும் ரேணிகுண்டாவையும், மேற்கே செல்வது காட்பாடியைக் கடந்து தோல் பதனிடும் ஆம்பூர், வாணியம்பாடி நகரங்களையும் தொடுகின்றன. அணித்தே குருவராஜப்பேட்டையும், சற்றுத் தொலைவிற் பொதட்டூர்ப்பேட்டையும் நெசவுக்குப் பேர்போனவை. ஆகவே தறியோரத்து நூற்கழிவும், தையற்கடை வாயிலிற் குவியும் வெட்டுத்துண்டுகளும் கேட்டால் கிடைக்கும். குப்பை கழிந்ததென்று நமக்கே நன்றி கூறும் கடைக்காரரும் உளர்.

நெசவுத் தொழிலினர் தெருவொன்றில் எண்பது ஆண்டு கடந்த மூதாட்டியார் ஒருவரிடத்தே முதற்பாடம் கேட்டோம். ஆயா என்றே தெருவினர் யாவரும் அவரை அழைப்பர். அவர் ஊசியையும் தொடவில்லை, கத்தரிக்கோலையும் தொடவில்லை. பழைய வேட்டியின் ஓரத்தைப் பல்லாற் கடித்துச் சரேலெனக் கிழித்து முழச் சதுரம் ஒன்று எடுத்தார். அதன் நடுவிற் பந்துபோல் உருட்டிய கந்தையை வைத்து மூடி, கீழே நூலாற் பலமுறை சுற்றி இறுக்கினார். தலையும் கழுத்தும் ஆயின. எதிரெதிரான இரு மூலைகளை முடிந்தார், கைகள் ஆயின. எஞ்சிய இரு மூலைகளும் பாவாடைபோல் தொங்கின. சேலைக்கரைக் கீற்றொன்றை இடையிற் கட்டினார், பெண்ணாயிற்று. இவ்வளவிற்கும் ஐந்து நிமிடத்திற்கு மேற் சென்றிராது. கண்ணும் வாயும் எழுதவில்லையா என்று வினவினோம்.

“முகம் எழுதிவிட்டால் அது சிரித்தபடியே கிடக்கும், தம்பி. பிள்ளை அழும்போது அதுவும் கூட அழவேண்டாமா?” என்றார் ஆயா.

நூல்கள் சில புரட்டிப் பார்த்தும் இதனினும் தெளிவான விடை எமக்குக் கிடைத்ததில்லை.

ஆயா காட்டியது முடிச்சுப்பாவை. நெடுநாள் உழைப்பது தைத்த பாவை. அதற்கு முதற்கண் துணி தேர்தல் வேண்டும். பருத்தியே நன்று, செயற்கையிழைத் துணி ஊசிக்கு நழுவும், ஓரம் பிரியும், யாம் பின்னர்க் கூறும் நிறத்தையும் ஏலாது. வெளுக்காத காடாத்துணி மிகப் பொருந்தும். ஆயின் புதிய காடாத்துணியில் நெசவுக்கஞ்சி இருக்கும். வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கி உலர்த்தாவிடின், பாவை முதன்முறை நனையும்போதே சுருங்கித் தையலை இழுத்துவிடும். பலகாற் துவைத்த வேட்டிக்கு அத்தொல்லை இல்லை. அதனை ஒளிக்கெதிரே பிடித்துப் பார்த்து இழை நைந்த பகுதியை விலக்கினாற் போதும். துணியைப் பரப்பும்போது பாவு செல்லும் திசை பாவையின் நெடுமையிற் செல்லுமாறு வைத்தல் வேண்டும். தறியில் இழுத்துக் கட்டப்படுவதாதலின் பாவிழை எளிதில் நீளாது. ஊடையிழை சற்று நெகிழும். அங்ஙனம் வைத்தால், அடைக்குங்கால் உடல் பக்கவாட்டிற் பருக்குமேயன்றிக் கழுத்து நீண்டு கொக்காகாது. பாவு, பாவை என்னும் சொற்களின் ஒலியொப்புமையைக் கொண்டு சொற்பிறப்புக் காட்டும் ஆசை தமிழ் மாணவரை விடாது; எம் ஆசிரியரின் சிவப்பு மையை நினைந்து அதனை அடக்கிக்கொண்டோம்.

பழம்பாணிப் பாவைக்குப் பால்வெண்மை பொருந்தாது. மங்கிய மண்ணிறமே அழகு. மேனாட்டார் துணியைத் தேயிலை வடிநீரில் தோய்ப்பர். நமக்கு அதனினும் அணிமையான பொருள்கள் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரங்களிற் குரோமிய உப்பு வழக்கிற்கு வருமுன் ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே தோலைப் பதனிட்டன. அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள், டானின் எனப்படுவது, தோலின் புரதத்தைப் பற்றிக்கொண்டு அழுகாமற் காக்கும். தேயிலையிலும் உள்ளது அவ்வினப் பொருளே. கொட்டை நீக்கிய கடுக்காய் நான்கினை இடித்து ஒரு லிட்டர் நீரிற் கொதிக்கவைத்து வடித்து, அதில் ஈரத்துணியை ஓரிரவு ஊறவைத்தோம். இளமஞ்சள் கலந்த நிறம் ஏறிற்று. தேயிலையுஞ் சேர்த்தபோது செம்மண் சாயல் வந்தது.

கடுக்காய் ஏறிய துணிக்கு இன்னொரு திறமும் உண்டு. துருப்பிடித்த ஆணிகளை வெல்லங் கரைத்த நீரில் இரண்டு மூன்று வாரம் ஊறவைத்து வடித்து, அந்நீரைக் குச்சியாற் தொட்டு இத்துணிமேல் எழுதினால் எழுதிய இடம் கரியதாகும். இரும்பும் துவர்ப்பும் கூடிப் பிறக்கும் கருமை இது. காளத்தியிற் கலம்காரித் தொழிலினர் கரிய கோடுகளை இவ்வாறே எழுதுகின்றனர். மை பரவாதிருத்தற்பொருட்டுக் கடுக்காயோடு எருமைப்பாலும் துணிக்கு ஊட்டுவர். இரும்புமை மிகுந்தால் ஆண்டுகள் செல்லச் செல்ல இழையை அரித்துவிடும். ஆதலின் மெல்லிய கோடே தக்கது. இரசாயன மாணவர் தம் பரிசோதனைச் சாலையிற் காணும் ஒரு விளைவைக் காளத்தி எழுத்தாளர் சட்டியிலும் பானையிலும் கண்டு வைத்திருப்பது எமக்கு வியப்பளித்தது.

இனி வெட்டுதலும் தைத்தலும். உருவத்தைத் தாளில் எழுதி வெட்டி, இரண்டாக மடித்த துணியின்மேல் வைத்துச் சுண்ணக்கட்டியால் வரைக. தொடங்குவார்க்கு ஒன்பது அங்குல உயரம் ஏற்றது. அதனிற் சிறிதாயின் கைகளைப் புரட்டியெடுத்தல் அரிது. கழுத்து அகலமாகவே இருக்கட்டும். மெல்லிய கழுத்து ஓவியத்தில் அழகு. பாவையிலோ மூன்றாம் நாளே தலை சாய்ந்துவிடும். கோட்டிற்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டிக் கோட்டின்மேல் தைக்க. ஓட்டுத்தையல் விரைவில் முடியும். உள்ளடைப்பின் நெருக்கத்தில் வாய்விடும். ஊசி முன்சென்று, சிறிது பின்வந்து, மீண்டும் முன்செல்லும் பின்தையலே தாங்கும். விலாப்புறத்தில் இரண்டங்குலம் தையாது விடுக. கழுத்து, அக்குள் போன்ற வளைவுகளிற் தையலை அணுகிச் சிறு வெட்டுக்கள் இடாவிடின் புரட்டியபின் அங்கெல்லாம் சுருக்கம் விழும். பின்னர் முனைமழுங்கிய மூங்கிற்குச்சியால் உட்புறத்தை வெளிப்புறமாகப் புரட்டுக.

பாவை நிமிர்வதும் சாய்வதும் அடைப்பதைப் பொறுத்தவை. நம் நாட்டில் மெத்தைக்கும் தலையணைக்கும் இலவம்பஞ்சு இடுவர். அஃது இலேசானது, நீரை எளிதில் ஏலாதது; ஆயினும் அடைப்பார் மூக்கில் முதற்கண் புகுந்து பின்னரே பாவைக்குட் புகும். முற்காலத்து மேனாட்டார் தவிடும் மரத்தூளும் அடைத்தனர். தவிடு எலிக்கு விருந்து. எம் கருத்தில், நகமளவாகக் கத்தரித்த கந்தையும் தறிக்கழிவு நூலும் கலந்து அடைப்பதே சிறந்தது. பாவைக்கு ஒரு கனம் வரும், எடுக்கும் குழந்தை கையில் ஏதோ இருப்பதாக உணரும். கைகால்களின் நுனியினின்று தொடங்கிச் சிறிது சிறிதாகச் செலுத்துக. இறுகச் சுருட்டிய துணியொன்றைத் தலையின் நடுவினின்று மார்பு வரை செல்லுமாறு வைத்தாற் கழுத்து நிற்கும். காலணித் தொழிற்சாலைகளையடுத்துத் தோற்துணுக்குகள் எளிதிற் கிடைப்பினும், குரோமியத்தாற் பதனிட்ட தோலைக் குழந்தை வாயில் வைக்கும் பொருளிற் சேர்த்தல் ஆகாது.

முகம் எழுதுவார்க்கு ஆயாவின் சொல் நினைவில் இருத்தல் நலம். எழுதியே தீரவேண்டுமெனின், கண்ணுக்கு இரண்டு நூல்முடிச்சும் வாய்க்கு ஒரு சிறு கோடும் போதும். அக்கோடு மேல்நோக்கியும் வளையாது கீழ்நோக்கியும் வளையாது இருக்கட்டும். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கும் பாவையிற் பொத்தானோ மணியோ தைத்தல் கூடாது. பிய்த்து விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். முகமில்லாப் பாவை நம்மவர்க்கே உரியது என்று எண்ணற்க. பிரேசில் நாட்டில் லேனா மார்ட்டின்சு என்னும் அம்மையார் 1980-களின் இறுதியில் தோற்றுவித்த அபயோமி பாவைகள் ஆயாவின் பாவைபோலவே முடிச்சால் ஆவன, அவற்றிற்கும் முகமில்லை. அமெரிக்காவில் வாழும் ஆமிஷ் என்னும் கிறித்தவக் குழுவினரும் பாவைக்கு முகம் எழுதார். உருவம் சமைத்தலை விலக்கும் கட்டளையை அதற்குக் காரணமாகக் கூறுவர். ஒன்று கட்டளையாற் பிறந்த வெறுமுகம், ஒன்று இரக்கத்தாற் பிறந்த வெறுமுகம். எடுத்து விளையாடும் குழந்தைக்கு இரண்டும் ஒன்றே.

இத்தகைய பாவைகளை மேனாட்டார் ‘பிரிமிட்டிவ்’ என்பர். ஆதிநிலை என மொழிபெயர்த்தால் இழிவு தொனிக்குமாதலின் பழம்பாணி என்றே யாம் வழங்கினோம். ஐக்கிய அமெரிக்காவின் ரோட் தீவினரான இசன்னா வாக்கர் என்னும் அம்மையார் தம் துணிப்பாவைக்கு 1873-இற் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்திய ஆண்டில், பென்சில்வேனியாவின் பெத்லகேம் நகரத்து மொரேவியத் திருச்சபைப் பெண்டிர் பாலி ஹெக்கவெல்டர் என்னும் பெயரால் ஒரு துணிப்பாவை செய்யத் தொடங்கினர். அந்நாட்டுப் பழங்குடியினரிடையே ஊழியம் புரிந்த ஜான் ஹெக்கவெல்டரின் மகள் பெயர் அது. விற்ற பணம் திருச்சபைப் பணிகளுக்குச் சென்றது. இன்று அந்நாட்டில் இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர். அவருட் சிலர் புதுத்துணியைத் தேயிலையிற் தோய்த்து, அடுப்பில் வாட்டி, வேண்டுமென்றே கிழித்து ஒட்டுப்போட்டு, நூறாண்டுப் பாவைபோல் ஆக்கிக் காட்டுவர். இஃது எமக்கு உடன்பாடன்று. நிறம் ஊட்டுதல் வேறு, வயது பூசுதல் வேறு. பாட்டனார் வேட்டி முழங்காலருகே தேய்ந்தது அவர் அமர்ந்து செய்த தொழிலால். அன்னையார் சேலை முந்தானையோரத்தில் நைந்தது அதனை இழுத்து இழுத்து நாம் முகந்துடைத்தமையால். அடுப்பில் வாட்டிய துணிக்கு அந்நைவு எங்ஙனம் வரும்?

பொழுதுபோக்கு என்றே இதுகாறும் கூறிவந்தோம். பொழுதே நகராத காலத்தும் இவ்வேலை கைக்குத் துணையாயிற்று என்பதற்குச் சான்று நம் கடற்கரையில் உளது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. வண்டற்பாவையை இழந்த ஐங்குறுநூற்றுச் சிறுமி நின்றதும் இத்தகைய கரையிலேயே. இம்முறை கடல் கவர்ந்தவை மணற்பாவைகள் அல்ல. புதுவையை அடுத்த ஆரோவில்லில் உமா பிரஜாபதி என்பார் நிறுவிய உபாசனா என்னும் ஆடை வடிவமைப்பு நிலையத்தார், 2005-இல் மீனவ மகளிரைக் கூட்டி, ஆடைத்தொழிலில் எஞ்சிய வெட்டுத்துண்டுகளாற் சிறுவிரல் அளவான பாவை செய்யப் பயிற்றினர். சுனாமிகா என்பது அதன் பெயர். இப்பாவைக்கு விலை இல்லை. அன்பளிப்பாகவே தரப்படுவது; மனமுவந்து அளிப்பாரது நன்கொடையினின்று செய்தவர்க்கு ஊதியம். இம்முறையிற் பல இலட்சம் பாவைகள் பல நாடுகளுக்குச் சென்றன.

விலையில்லாப் பொருள் நெடுநாள் நடவாது என்று பொருளியல் பயிலும் எம் நண்பர் வாதிட்டார். அவர் வாதத்தை எளிதிற் தள்ளுதற்கில்லை. தைத்த பாவை ஒன்றிற்கு எமக்கு இரண்டு மாலைப்பொழுது ஆகின்றது. அவ்வுழைப்பிற்குக் கூலி கணித்துச் சேர்த்தால் அதன் விலை கடைப்பொம்மையின் விலையைப் பன்மடங்கு கடக்கும். கடைவிலைக்கே இறக்கினாற் கைத்தொழிலாளர்க்குக் கஞ்சியும் இல்லை. ஆகவே இதனால் வாழ்வு நடத்த விரும்புவோர் உரிய விலையைத் தயங்காது கூறல் வேண்டும். கல்லூரியிலிருந்துகொண்டு தந்தையார் பணத்தில் உண்டு பொழுதுபோக்காகச் செய்யும் எம்போன்றார், கண்காட்சிகளிலும் விற்பனை நாட்களிலும் அற்ப விலைக்கு விற்று அவர் கைப்பொருளைக் கெடுத்தல் ஆகாது. யாம் செய்தவற்றைக் கொடுத்துவிடுகின்றோம்.

கிழிந்த பாவையைப் பற்றி ஒரு சொல். அதனை எறிதல் வேண்டா. பழைய தோலின்மேலேயே புதுத்துணி போர்த்துத் தைக்கலாம். ஆயாவின் கொள்ளுப்பேத்தி வைத்திருக்கும் பாவை அவ்வாறு மும்முறை போர்த்தப்பட்டது. மேலே பச்சைக் கட்டமிட்ட லுங்கித்துணி. விலாப்புறக் கிழிசலின் வழியே நோக்கினால் உள்ளே நீலம். அதற்கும் உள்ளே பழுப்பேறிய வெள்ளை. அவ்வெள்ளை தம் மாமியார் உடுத்த சேலை என்றார் ஆயா. அடுத்த போர்வைக்கென்று அவர் எம்மிடம் கேட்டது ஓரம் பிரியாத காடாத்துணி ஒரு முழம்.